திரும்பிப் போக வழி கண்டவர், திரும்பிப் போகாதவர்
கூர்ட் கோடெல் (1906 – 1978)

2026 சித்திரையோடு பராபவ வருடம் பிறக்கிறது. பிரபவ தொடங்கி அட்சய வரை 60 வருடங்களை நாங்கள் ஒரு சக்கரமாக எண்ணிக்கொண்டு வருகிறோம். இதற்கு முந்திய பராபவ 1966 இல் வந்தது. அதற்கு முந்தியது 1906 இல். பெயர் சுற்றித் திரும்ப வருகிறது. ஆனால் 1966 திரும்ப வராது. அந்த வருடம் பிறந்தவருக்கு இப்போது அறுபதாம் கலியாணம் செய்து வைக்கலாம், அவர் அரைக் காற்சட்டையோடு ஓடித் திரிந்த நாளுக்கு அவரைக் கொண்டுபோய் விட ஏலாது. காலம் ஒரு பக்கமாகத்தான் போகும், போனது போனதுதான். இதைச் சொல்லித்தர எங்களுக்கு வாத்தியார் தேவையில்லை.

அப்படி அடித்துச் சொல்ல முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டிய ஒரு மனிதர் இருந்தார். அவரும் ஒரு பராபவ வருடத்தில், 1906 ஏப்ரல் 28 ஆம் திகதி பிறந்தவர். பெயர் கூர்ட் கோடெல். ஐன்ஸ்ரைனின் உற்ற நண்பர். யுத்தத்தில் ஊரை விட்டு வெளிக்கிட்டு, பாதி உலகம் சுற்றி அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். அவருடைய கதையை அறிவது இந்த மலரைப் படிக்கிற எல்லாருக்கும் நல்லது என்று நினைத்து எழுதுகிறேன். கணக்குப் படிக்காதவர்களும் பயப்படாமல் வாசிக்கலாம்.

இருந்த இடத்திலேயே மாறிய நாடு

கோடெல் பிறந்த ஊரின் பெயர் புரூன். அப்போது அது ஒஸ்ரிய-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. இப்போது அதே ஊர் செக் நாட்டில் பிர்னோ என்று அழைக்கப்படுகிறது. தகப்பன் ஒரு துணி ஆலையின் முகாமையாளர். வீட்டில் பேசியது ஜேர்மன் மொழி. சின்ன வயதில் எதைக் கண்டாலும் ஏன் ஏன் என்று கேட்டு ஆக்களை இருக்க விடாத பிள்ளை. அதனால் வீட்டில் மிஸ்டர் ஏன் என்று பட்டம் வைத்துவிட்டார்கள். சிறு வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மாறிவிட்டது. ஆனால் தன்னுடைய இருதயம் பழுதாகிவிட்டது என்ற பயம் அவரை விட்டு ஒருநாளும் போகவில்லை.

1918 இல் பேரரசு உடைந்தது. 12 வயதுப் பிள்ளை வீட்டை விட்டு ஒரு அடி நகராமலே செக்கோஸ்லோவாக்கியப் பிரசை ஆனார். 1924 இல் படிக்க வியன்னா போனார். 1929 இல் ஒஸ்ரியப் பிரசை ஆனார். 1938 இல் ஹிட்லர் ஒஸ்ரியாவை விழுங்கியபோது, கேட்காமலே ஜேர்மன் பிரசை ஆக்கப்பட்டார். 1948 இல் அமெரிக்கப் பிரசை. ஆக, ஒரே மனிதருக்கு 42 வயது ஆகுமுன்னர் ஐந்தாவது நாடு. பாஸ்போட் என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வியன்னாவில் முதலில் பௌதிகவியல் படிக்கத்தான் போனார், பிறகு கணிதத்துக்கு மாறினார். 1931 இல், 25 வயதில், உலகத்துக் கணித மேதைகள் எல்லாரையும் திகைக்க வைத்த ஒரு கட்டுரையை வெளியிட்டார். அதுவரை எல்லாரும் நினைத்தது இதுதான்: அடிப்படை விதிகளைச் சரியாக வைத்துக்கொண்டால், எண் கணிதத்தில் உள்ள எல்லா உண்மைகளையும் அந்த விதிகளைக் கொண்டே நிறுவிவிடலாம். கோடெல் அது நடக்காது என்று காட்டினார். முரண்பாடு இல்லாத விதித்தொகுதி எதை எடுத்தாலும், எண் கணிதம் செய்யக்கூடிய அளவுக்கு அது பெரிதென்றால், அதற்குள் நிறுவ முடியாத உண்மை ஒன்று மிஞ்சியே இருக்கும். இந்த ஒரு முடிவுக்காகவே அவருடைய பெயர் இன்றைக்கும் நிற்கிறது.

வியன்னாவில்தான் அடேலைச் சந்தித்தார். அடேல் இரவு விடுதி ஒன்றில் நடனம் ஆடியவர், விவாகரத்துப் பெற்றவர், கோடெலை விட ஆறு வயது மூத்தவர். வீட்டில் சம்மதம் இல்லை. இருந்தாலும் 1938 செப்டெம்பரில் கலியாணம் நடந்தது. கோடெலுக்கு அடிக்கடி மனம் குழம்பும். ஆரோ தனக்கு நஞ்சு வைக்கிறார்கள் என்ற பயம் வரும். 1936 இல் அவருடைய பேராசிரியர் மோரிற்ஸ் ஷ்லிக்கை ஒரு பழைய மாணவன் பல்கலைக்கழகப் படியில் வைத்துச் சுட்டுக் கொன்ற பிறகு நிலைமை இன்னும் மோசமானது. அந்த நாட்களில் அடேல் முதலில் சாப்பிட்டுக் காட்டிய பிறகுதான் அவர் கரண்டியைத் தொடுவார். உலகத்தின் பெரிய மூளை ஒன்றை நாற்பது வருடமாக உயிரோடு வைத்திருந்தது அந்தப் பெண்தான். படித்த ஆக்கள் எழுதுகிற புத்தகங்களில் இதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

உலகத்தைச் சுற்றி ஒரு பயணம்

கோடெல் யூதர் இல்லை. ஆனால் யூத நண்பர்கள் கனபேர் இருந்தார்கள், அவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். 1939 இல் அவரை யூதர் என்று நினைத்து வியன்னாத் தெருவில் வைத்து ஒரு கும்பல் அடித்தது. அடேல் கையில் இருந்த குடையால் விளாசித்தான் அவர்களைக் கலைத்தார். அந்த வருடம் ஜேர்மன் இராணுவமும் அவரைப் பரிசோதித்து, சேவைக்குத் தகுதியானவர் என்று எழுதிவிட்டது. பல்கலைக்கழகப் பதவியும் போனது.

1940 ஜனவரியில் இருவரும் வெளிக்கிட்டார்கள். அத்திலாந்திக் கடலில் யுத்தம், ஜேர்மன் பாஸ்போட்டோடு அந்த வழியால் போனால் பிடிபடக்கூடும். அதனால் மேற்கே இருக்கிற அமெரிக்காவுக்குக் கிழக்கு வழியாகப் போனார்கள். பெர்லினில் இருந்து லித்துவேனியா, லத்வியா, மொஸ்கோ. பிறகு சைபீரியாவைக் கடக்கிற நீண்ட ரயில், ஜப்பானில் யொக்கோகாமாத் துறைமுகம். அங்கே கப்பலுக்காக இரண்டு கிழமைக்கு மேல் காத்திருப்பு. 1940 மார்ச் 4 ஆம் திகதி சான்பிரான்சிஸ்கோவில் இறங்கி, திரும்ப ரயில் ஏறி அமெரிக்காவின் மறு கரைக்கு, பிரின்ஸ்ரன் நகரத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த உயர் ஆய்வு நிறுவனம் அவருக்கு இடம் கொடுத்திருந்தது. வியன்னாவில் நிலைமை எப்படி என்று ஒரு நண்பர் ஆவலோடு விசாரித்தபோது, கோப்பி மகா மோசம் என்று மட்டும் சொன்னாராம். இது கோடெலின் சுபாவம். வாய் திறந்து துன்பத்தைச் சொல்லத் தெரியாது.

பின்னேரத்தில் இரண்டு பேர்

பிரின்ஸ்ரனில் ஏற்கெனவே இன்னொரு அகதி இருந்தார், 1933 இல் வந்த ஐன்ஸ்ரைன். ஐன்ஸ்ரைன் 27 வயது மூத்தவர், தலைமயிர் வாராத, சிரித்துக் கதைக்கிற மனிதர். கோடெல் மெலிந்தவர், வெயில் காலத்திலும் மேலங்கி போடுகிறவர், ஆக்களோடு பழகாதவர். எப்படியோ இருவருக்கும் ஒத்துப் போனது. ஏறக்குறைய 1942 இல் இருந்து ஐன்ஸ்ரைன் இறக்கும் வரை ஒன்றாக நடந்து நிறுவனத்துக்குப் போவார்கள், ஒன்றாக நடந்து வீடு திரும்புவார்கள். ஜேர்மன் மொழியில் கதை நடக்கும். கோடெலோடு வீட்டுக்கு நடந்து வருகிற பாக்கியத்துக்காகத்தான் தான் வேலைக்கே போவதாகக் கடைசிக் காலத்தில் ஐன்ஸ்ரைன் சொல்லியிருக்கிறார்.

1947 டிசம்பரில் கோடெலுக்குப் பிரசாவுரிமை விசாரணை வந்தது. சாட்சிகள் ஐன்ஸ்ரைனும் பொருளியலாளர் ஒஸ்கார் மோர்கன்ஸ்ரேர்னும். கோடெல் அமெரிக்க அரசியலமைப்பை வரி வரியாகப் படித்து, அதற்குள் ஒரு ஓட்டை இருக்கிறது, சட்டப்படியே ஒரு சர்வாதிகாரி வரலாம் என்று கண்டுபிடித்துவிட்டார். நண்பர்களுக்குக் குலை நடுக்கம். விசாரணையில் நீதிபதி, ஒஸ்ரியாவில் நடந்ததுபோல இங்கே நடக்காது என்று சாதாரணமாகச் சொல்ல, நடக்கும், நிறுவிக் காட்டுகிறேன் என்று கோடெல் தொடங்கிவிட்டார். நல்ல காலம், அந்த நீதிபதிதான் முன்னர் ஐன்ஸ்ரைனுக்கும் சத்தியப்பிரமாணம் செய்து வைத்தவர். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார். விசாரணையில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று இராத்திரி முழுக்க யோசித்துப் போனவர்களுக்கு இந்தக் கதையில் சிரிப்போடு வேறு ஒன்றும் விளங்கும்.

சுழலும் உலகம்

ஐன்ஸ்ரைனுடைய 70 ஆவது பிறந்தநாள் 1949 இல் வந்தது. அதற்கான நூல் ஒன்றுக்குக் கட்டுரை கேட்டார்கள். காலத்தைப் பற்றி ஐன்ஸ்ரைனின் கொள்கையும், காண்ட் என்ற தத்துவஞானியின் கருத்தும் எங்கே ஒத்துப்போகின்றன என்று எழுதத்தான் கோடெல் தொடங்கினார். அது எங்கேயோ கொண்டுபோய் விட்டது.

ஐன்ஸ்ரைனின் 1915 ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, காலம் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. பாரமான பொருளுக்குக் கிட்ட இருக்கிற மணிக்கூடு மெதுவாக ஓடும். இது வெறும் கதை இல்லை. 2010 இல் அமெரிக்காவில் ஒரு அணு மணிக்கூட்டை மற்றதை விட 33 சென்ரிமீற்றர் மட்டும் உயர்த்தி வைத்தே வித்தியாசத்தை அளந்துவிட்டார்கள். எங்கள் வாகனங்களுக்கு வழி காட்டுகிற செய்மதிகளின் மணிக்கூடு நிலத்தில் இருப்பதை விட ஒரு நாளுக்கு 38 மைக்ரோ செக்கன் முந்தும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீற்றர் அளவுக்கு இடம் பிழைத்துவிடும். பொருள் எப்படிப் பரந்து கிடக்கிறதோ அதற்கேற்றபடி காலமும் வளையும், சரியும். இதுதான் அந்தக் கொள்கையின் சாரம்.

கோடெல் கேட்டார்: பிரபஞ்சத்தில் உள்ள பொருள் முழுவதும் சுழன்றுகொண்டிருந்தால் என்ன நடக்கும்? ஐன்ஸ்ரைனின் சமன்பாடுகளை அந்த நிலைக்குச் சரியாகத் தீர்த்தார். விடை விசித்திரமாக வந்தது. அந்தப் பிரபஞ்சத்தில் ஓர் இடத்தில் இருந்து தூரப் போகப்போக, எதிர்காலம் என்ற திசை சரிந்துகொண்டே போகும். போதிய தூரம் போய்விட்டால், ஒரு வட்டம் போட்டு, புறப்பட்ட இடத்துக்குப் புறப்பட்ட நேரத்துக்கே வந்து சேரலாம். பூமியில் கிழக்கே பார்த்துப் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் மேற்குப் பக்கத்தால் வீட்டுக்கு வந்து சேருகிறோமே, அதைப் போல. போகிறவருடைய கைமணிக்கூடு ஒரு கட்டத்திலும் பின்னுக்கு ஓடாது. அவருக்கு எல்லாம் முன்னுக்குத்தான் போகும். ஆனால் போய் இறங்குவது நேற்று.

கோடெல் கற்பனையோடு நிற்கிற ஆள் இல்லை. கப்பல் ஒளியின் வேகத்தில் 71 வீதம், அதாவது செக்கனுக்கு ஏறக்குறைய 212,000 கிலோமீற்றர் வேகத்திலாவது போகவேண்டும். பயணிக்குப் பத்து வருடத்தில் முடிகிற பயணம் என்றால், கப்பலின் நிறையைப் போல, 1 க்குப் பின்னால் 20 பூச்சியம் போட்ட மடங்கு எரிபொருள் வேண்டும். இதையும் கணக்குப் பார்த்து அடிக்குறிப்பில் எழுதி வைத்தார். ஆக, யாரும் போக ஏலாது. அவர் சொல்ல வந்ததும் போகலாம் என்று இல்லை.

அவர் சொல்ல வந்தது இதுதான். திரும்பிப் போய் நிற்கக்கூடிய ஒரு இடம் அழிந்துபோன இடமாக இருக்க முடியாது. அந்தப் பிரபஞ்சத்தில் கடந்தகாலம் கடந்து போகவில்லை, இருக்கிறது. அப்படியென்றால் காலம் கழிகிறது, நேரம் போகிறது என்று நாங்கள் உணர்வது அந்த உலகத்தில் வெறும் தோற்றம். எங்கள் உலகமும் அதே விதிகளில்தான் நடக்கிறது. பொருள் பரந்திருக்கும் விதம் மட்டும் வேறு. காலம் கழிவது உண்மையா பொய்யா என்பது பொருள் சுழல்கிறதா இல்லையா என்பதில் தங்கியிருக்குமென்றால், அதை உலகத்தின் அடிப்படை என்று எப்படிச் சொல்வது? ஆகவே எங்கள் உலகத்திலும் காலத்தின் ஓட்டம் அடிப்படையானது இல்லை என்று கோடெல் முடிவு கட்டினார்.

ஐன்ஸ்ரைன் அதே நூலில் மறுமொழி எழுதினார். கட்டுரையின் பெறுமதியை ஒத்துக்கொண்டார். தன் கொள்கையைக் கட்டிய காலத்திலேயே இந்தக் கேள்வி தன்னைக் குழப்பியதாகவும், இப்படிப்பட்ட தீர்வுகளைப் பௌதிகக் காரணங்களால் தள்ளிவிட முடியுமா என்று பார்க்கவேண்டும் என்றும் எழுதினார். 1961 இல் இன்னொருவர் இதற்குள் வந்தார். அவர் எங்கள் ஆள், தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னை பிரசிடென்சிக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1983 இல் நோபல் பரிசு பெற்றவர். அவரும் ஒரு சகாவும் கணக்குப் போட்டு, அந்தப் பிரபஞ்சத்தில் தானாக விழுந்துகொண்டிருக்கும் பொருள் ஒன்று தன் கடந்தகாலத்துக்குப் போகாது, எனவே கோடெல் சொன்னது பொருந்தாது என்று எழுதினார்கள். கணக்கு சரி. ஆனால் கோடெல் சொன்னது எரிபொருள் எரித்துத் திரும்புகிற கப்பலை. 1970 இல் வேறொருவர் இதை விளக்கிக் கோடெலின் பக்கம் நின்றார்.

எங்கள் பிரபஞ்சம் கோடெலின் பிரபஞ்சம் இல்லை. எங்களுடையது விரிகிறது, அவருடையது விரியாது. சுழற்சி இருப்பதாக இன்றைய அவதானங்களில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கோ கடைசி வரை ஆசை விடவில்லை. நட்சத்திரத் தொகுதிகளின் படங்களை வைத்துக்கொண்டு, அவற்றின் அச்சுகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

காலம் இல்லாத சமன்பாடு

கோடெலின் கேள்விக்கு ஐன்ஸ்ரைனின் கொள்கை மட்டும் மறுமொழி சொல்லாது. அணு, இலத்திரன் போன்ற சின்னப் பொருட்களுக்குக் குவாண்டம் கொள்கை என்று வேறொன்று இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கவேண்டும், அதற்குக் குவாண்டம் ஈர்ப்பு என்று பெயர். ஒன்றாக்கப் போனால் முதலில் முட்டுப்படுவது காலம்தான்.

நான் வேலை செய்கிற இடத்தை வைத்துச் சொன்னால் விளங்கும். தொழிற்சாலைச் சுவரில் ஒரு பெரிய மணிக்கூடு இருக்கிறது. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்து வேலை செய்கிறோம், ஆனால் நாங்கள் என்ன செய்தாலும் அது தன்பாட்டில் ஓடும். குவாண்டம் கொள்கையில் காலம் அந்தச் சுவர் மணிக்கூடு. ஐன்ஸ்ரைனின் கொள்கையில் அப்படிச் சுவரே இல்லை. மணிக்கூடும் பட்டியில் ஓடுகிற சாமான்களில் ஒன்று, மற்றச் சாமான்களின் பாரத்துக்கு அதுவும் அசையும். இரண்டையும் எப்படிப் பொருத்துவது?

1967 இல் அமெரிக்கரான பிறைஸ் டிவிற் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். அவரை இதில் தூண்டியவர் ஜோன் வீலர், கோடெல் இருந்த அதே பிரின்ஸ்ரன் ஊர்க்காரர். முழுப் பிரபஞ்சத்தையும் குவாண்டம் முறையில் எழுதுகிற அந்தச் சமன்பாட்டில் காலத்தைக் குறிக்கும் எழுத்தே இல்லை. ஏ.எல். வகுப்பில் நாங்கள் எழுதிய ஒவ்வொரு இயக்கச் சமன்பாட்டிலும் இருந்த அந்த எழுத்து காணாமல் போய்விட்டது. முழுப் பிரபஞ்சத்துக்கும் வெளியே நின்று நேரம் பார்க்க ஒரு சுவர் இல்லைத்தானே.

அப்படியென்றால் நாங்கள் உணருகிற காலம் எங்கேயிருந்து வருகிறது? இதற்குப் பல வழிகளில் விடை தேடுகிறார்கள். பிரபஞ்சத்தின் ஒரு பகுதி மற்றப் பகுதிக்கு மணிக்கூடாக நிற்கிறது, மாற்றம் என்பது ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவதில்தான் தெரிகிறது என்று 1983 இல் டொன் பேஜும் வில்லியம் வூற்றர்சும் எழுதினார்கள். கார்லோ ரோவெல்லி போன்றவர்கள் காலத்தைச் சூட்டோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு தனி மூலக்கூறுக்குச் சூடு என்று ஒன்று இல்லை, கோடிக்கணக்கில் சேர்ந்தால்தான் சூடு வரும். காலமும் அடியில் இல்லாமல் மேலே தோன்றுகிற ஒன்றாக இருக்கலாம். அந்த அடித்தளம் எவ்வளவு சின்னது என்றால், ஒரு செக்கனில் புள்ளிக்குப் பிறகு 43 பூச்சியம் போட்டு 54 எழுதினால் வருகிற பங்கு. எந்த மணிக்கூடும் அதற்குக் கிட்டவும் போகவில்லை. ஸ்ரீபன் ஹோக்கிங் 1992 இல், கோடெல் கண்டதுபோன்ற காலச் சுற்றுக்களை இயற்கை அனுமதிக்காது என்று ஒரு ஊகம் சொன்னார். அது சரியா என்று முடிவு சொல்லவும் குவாண்டம் ஈர்ப்புத்தான் வேண்டும். அந்தக் கொள்கை இன்னும் முழுமையடையவில்லை. ஆனால் காலத்தின் ஓட்டம் அடிப்படை இல்லை என்று 1949 இல் ஒரு கணிதக்காரர் தனியே நின்று சொன்னதை இன்றைக்குப் பௌதிகவியலாளர்கள் கனபேர் தங்கள் வழியில் சொல்கிறார்கள்.

போகாத பயணம்

கடந்தகாலத்துக்கு வழி இருக்கிறது என்று நிறுவிய மனிதர், 1940 க்குப் பிறகு ஐரோப்பாவில் கால் வைக்கவே இல்லை. யுத்தம் முடிந்ததும் அடேல் பல தடவை வியன்னா போய் வந்தார். கோடெல் போவதாகச் சொல்வார், பிறகு போகமாட்டார். தாய் 1944 இல் புரூனை விட்டு வியன்னாவில் மூத்த மகனிடம் போய்விட்டார். 1945 இல் அந்த ஊரின் ஜேர்மன் மொழிக்காரர்கள் துரத்தப்பட்டார்கள். திரும்பிப் போனாலும் அந்த ஊர் இருக்கும், அவர் பிறந்த புரூன் அங்கே இருக்காது. தாய்க்கும் மகனுக்கும் இடையில் இருபது வருடம் கடிதம் ஓடியது. 1961 இல் தாய் மறுமையைப் பற்றிக் கேட்க, இந்த உலகம் ஒரு ஒழுங்கோடு அமைந்திருக்கிறது, எனவே இங்கே நிறைவேறாத உயிர்களுக்கு இன்னொரு வாழ்வு இருக்கத்தான் வேண்டும் என்று நாலு கடிதங்களில் நியாயம் எழுதினார். 1958 இல் இருந்து தாயே சில தடவை கடல் கடந்து மகனைப் பார்க்க வந்தார். 1966 ஜூலையில், மற்றப் பராபவ வருடத்தில், அவர் வியன்னாவில் காலமானார். மகன் போகவில்லை.

ஐன்ஸ்ரைன் 1955 ஏப்ரல் 18 இல் போனார். அதன் பிறகு கோடெல் தனியே நடந்தார். 1977 இல் அடேல் நோயாகி மாதக்கணக்கில் வைத்தியசாலையில் இருக்க நேர்ந்தது. சாப்பிட்டுக் காட்ட ஆள் இல்லை. நஞ்சுப் பயத்தில் அவர் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் விட்டேவிட்டார். 1978 ஜனவரி 14, எங்கள் தைப்பொங்கல் நாள், பிரின்ஸ்ரன் வைத்தியசாலையில் இறந்தார். அப்போது அவருடைய நிறை 30 கிலோ வரைதான். அடேல் 1981 இல் போனார். இருவரும் அந்த ஊர் மயானத்திலேயே இருக்கிறார்கள்.

கோடெலின் கணக்கைக் காட்டி, ஊரில் விட்டு வந்த வீடும் முற்றமும் ஆக்களும் எங்கேயோ அப்படியே இருக்கிறார்கள் என்று ஆறுதல் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. அவரே அந்தக் கணக்கால் ஆறுதல் பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் போனது போனதுதான் என்று நாங்கள் சொல்வதை விஞ்ஞானம் இன்னும் நிறுவவில்லை. அதை இவ்வளவு தெளிவாக எங்களுக்குக் காட்டியவர், பிறந்த ஊரை இழந்து நடந்த ஒரு மனிதர். எங்கள் பிள்ளைகள் இங்கே நல்ல பள்ளிக்கூடங்களில் பௌதிகமும் கணிதமும் படிக்கிறார்கள். காலம் என்ற எழுத்து இல்லாத அந்தச் சமன்பாடு அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஏன் ஏன் என்று கேட்கிற பிள்ளை இருந்தால் வாயை அடைக்காதையுங்கோ.

எல்லாருக்கும் பராபவ புத்தாண்டு வாழ்த்துக்கள்.